நான் அழித்த புள்ளி

மோதிரத்துக்குள் வெட்டியிருந்த எழுத்து தெரியவில்லை என்று ஒரு கல்யாண வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், ஆல்பம் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. பிரான்சில் இருக்கும் குடும்பம். ஜூலை லீவுக்கு வந்து, சொந்தபந்தத்தைக் கூட்டி, மாதா கோயிலில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள். அவர்களுக்கு மோதிரம் ரொம்ப முக்கியம். அலியான்ஸ் என்பார்கள். உள்பக்கத்தில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் தேதியும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். நானும் பூவின்மேல் வைத்து அழகாகத்தான் எடுத்திருந்தேன். பெண்ணின் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆல்பத்தை மூக்கருகே கொண்டுபோய், "முசியே, இது எழுத்தா எறும்பா?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கே மேக்ரோ லென்ஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன். பொடிப் பொருளை முகத்துக்கு நேராகப் போய்ப் பெரிதாக எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ் அது. எறும்பின் கால், பூவின் மகரந்தம் எல்லாம் எடுக்கிறவர்கள் வைத்திருப்பார்கள். கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு எதற்கு என்று அதுவரை இளக்காரமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் எறும்பு என் வாயை அடைத்துவிட்டது.

ஆனால் எதை வாங்குவது? அறுபது மில்லிமீட்டரா, நூறா? இந்த எண்ணில்தான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. இரண்டும் மோதிரத்தை ஒரே அளவுக்குத்தான் பெரிதாக்கிக் காட்டும். அறுபது என்றால் மோதிரத்துக்கு மூன்று விரல் தூரத்தில் மூக்கை நுழைத்தாக வேண்டும். நூறு என்றால் முக்கால் சாண் தள்ளி நிற்கலாம். அறுபது சின்னது, கைக்கு அடக்கம், விலையும் குறைவு. நூறு கனம், கொஞ்சம் கை ஆடினாலும் படம் போச்சு.

என்னோடு ஒரே வருஷத்தில் தொழிலுக்கு வந்த நண்பன் ஒருவன் இப்போது உழவர்கரையில் கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடுகிறான். சனிக்கிழமை எடுத்தால் திங்கட்கிழமை கொடுத்தால் போதும் என்பது அவன் கணக்கு. இரண்டையும் கொண்டுபோய்ப் பார் என்றான். அறுபதே தாராளம், இந்த வயசில் உனக்கு நூறு பிடிக்கக் கை நிற்குமா என்று கேலி வேறு. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. முதல் பூசை முடிந்து வந்து, காப்பி குடித்துவிட்டு, என் கல்யாண மோதிரத்தை வைத்து ஆரம்பித்தேன். மேக்ரோவில் ஒரு தொல்லை உண்டு. கூர்மை விழுகிற இடம் ஒரு காகிதத்தின் பருமன்தான். மூச்சை விட்டால் போதும், எழுத்து மங்கி மோதிரத்தின் விளிம்பு தெளிந்துவிடும். நானும் மூச்சைப் பிடித்து, முன்னே சாய்ந்து பின்னே சாய்ந்து, கடிகாரப் பெண்டுலம்போல் ஆடிக்கொண்டிருந்தேன். அறுபதில் லென்ஸின் நிழலே மோதிரத்தின்மேல் விழுந்தது. நூறில் வெளிச்சம் தாராளமாக உள்ளே போனது. ஆனாலும் மனசு நிற்கவில்லை. இப்போதெல்லாம் மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவர்கள் கண் இமையை ஒவ்வொரு முடியாகக் காட்டச் சொல்கிறார்கள். மோதிரம் அசையாது, மனுஷி அசைவாள். அதையும் பார்த்துவிடலாம் என்று என் மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை, வேற வேலை இல்லையா என்றாள். கண்ணை மட்டும்தான் எடுக்கப்போகிறேன் என்று கெஞ்சினேன். அறுபதைக் கொண்டுபோனபோது பயந்து பின்னால் சாய்ந்தாள், கண்ணைக் குத்திவிடுவேனாம். நூறை மாட்டியதும் நிம்மதியாக உட்கார்ந்தாள். முப்பது, நாற்பது படம் எடுத்திருப்பேன். நோட்டைப் பார்த்தபடியே இருந்தாள், சிவப்பு மையில் டிக் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதே எனக்கு முடிவாகிவிட்டது, வாங்கினால் நூறுதான்.

படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, இமை எவ்வளவு கூர்மை என்று பார்ப்பதற்காகப் பெரிதாக்கினேன். இமைமுடி ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்போல் இருந்தது. அட, அட என்று நானே சொல்லிக்கொண்டேன். படத்தை நகர்த்தியபோது மூக்கின் ஓரம் வந்தது. அங்கே ஒரு புள்ளி. என் கை தானாகப் போய் அதை அழித்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பக்கத்துத் தோலை எடுத்து மேலே பூசி மறைக்கிற பிரஷ் ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. எங்கள் தொழிலில் எந்த முகம் வந்தாலும் முதல் வேலை அதுதான். பரு, தழும்பு, கறுப்பு வளையம், அம்மைத் தடம், எதுவும் வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். டீக்கடைக்காரர் பேசிக்கொண்டே மேஜையைத் துடைப்பார் இல்லையா, அப்படி. என்ன துடைத்தோம் என்று அவருக்கும் தெரியாது.

அன்றைக்கு மட்டும் எதுவோ உறுத்தியது. ஒரு தடவைக்கு மூன்று தடவை பூச வேண்டியிருந்தது. பூசியதை ரத்து செய்து திரும்பக் கொண்டுவந்தேன். அப்போதுதான் பார்த்தேன். இவ்வளவு நாளாக மரு என்று நினைத்துக்கொண்டிருந்த அது மருவே இல்லை. வெந்த ஜவ்வரிசி போல ஒரு பளபளப்பு. விளிம்பு சுருண்டு நின்றது. அதன்மேல் மயிரிழையாகச் சிவப்பு நரம்புகள். நடுவில் குழி விழுந்து, கறுப்பாக ஒரு பொருக்கு. லென்ஸின்மேலேயே கோபம் வந்தது, இவ்வளவு காட்டச் சொல்லி யார் கேட்டார்கள்?

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இவ்வளவு பெரிசாவா இருக்கு என்று மட்டும் கேட்டாள். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன். ஆஸ்பத்திரி என்றாலே நாலு மாசம் இழுத்தடிக்கிறவள், உடனே சரி என்றாள்.

தோல் டாக்டர் ஒரு பெண். வெளிச்சம் வைத்த சின்னக் கண்ணாடியை மூக்கோரம் அழுத்திப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது, வளர்ந்ததா, ரத்தம் கசிந்ததா என்று வரிசையாகக் கேட்டார். ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர் என்று அவள் ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. நான் போட்டோகிராபர், வருஷவாரியாக இவள் முகம் என்னிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எந்த மாசம் எப்படி இருந்தது என்று துல்லியமாகக் கொண்டுவருகிறேன் என்று பீற்றிக்கொண்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, நல்லதாப் போச்சு, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்றார். அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அவள் பஞ்சை மூக்கில் அழுத்திக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

ஸ்டூடியோவுக்கு வந்ததும் தேட உட்கார்ந்தேன். மகளின் உறுதிபூசுதல் சடங்குப் படங்கள் முதலில். அம்மாவும் மகளும் கோயில் படியில் நிற்கிறார்கள், முகத்தைப் பெரிதாக்கினேன். மூக்கோரம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம். கிறிஸ்துமஸ் படம், சுத்தம். அவள் பள்ளிக்கூட ஆண்டு விழா, கடற்கரையில் எடுத்தது, எங்கள் இருபதாவது கல்யாண நாள், எல்லாம் சுத்தமோ சுத்தம். சரி, திருத்தாத மூலப் படங்கள் இருக்குமே என்று தேடினால், ஆல்பம் முடிந்ததும் இடத்தை அடைக்கிறது என்று மூலத்தை அழித்துவிடுவது என் வழக்கம். வாடிக்கையாளருடையதையே வைத்துக்கொள்வதில்லை, வீட்டுப் படத்தையா வைத்திருப்பேன்? பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்திலும் அழித்திருக்கிறேன். அதில் கை வைக்கவே கூடாது, ஆனாலும் வைத்திருக்கிறேன். ஆதாரில் இருக்கிற படம் யார் முகம் என்றே தெரியாது. காலாப்பட்டில் தங்கிப் படிக்கும் மகளுக்குப் போன் செய்து, அம்மா படம் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் அனுப்பியதில் அம்மாவுக்கு இருபத்தைந்து வயசு. போனே முகத்தை மெழுகிக் கொடுக்கிற காலம்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் தாண்டிவிட்டது. நண்பனைப் பார்க்கப் போனேன். போன வருஷம் எங்கள் உறவில் நடந்த ஒரு கல்யாணத்தை அவன்தான் எடுத்திருந்தான், அதில் இவள் இருப்பாள். விஷயத்தைச் சொல்லாமல், இவள் முகம் திருத்தாமல் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏம்ப்பா, தொழில்காரன் பொண்டாட்டி மூஞ்சில புள்ளிய வுட்டுட்டு நான் ஊர்ல நடமாட முடியுமா? மொத வேலையா எடுத்துட்டேன்."

சட்டையைப் பிடித்து அடித்துவிடலாமா என்றிருந்தது. அவன் செய்த தப்பு என்ன, நான் செய்ததைத்தான் அவனும் செய்திருக்கிறான். பிறகு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றுபோய்விட்டது. லென்ஸைத் திருப்பி என் பையிலேயே வைத்தான். எத்தனை நாள் வேண்டுமோ வைத்துக்கொள் என்றான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வேறு வழி தெரியாமல் அழித்த இடங்களையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்துத் தோலை எடுத்துப் பூசினால், தொழில் தெரிந்த கண்ணுக்கு ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். ஒரே மாதிரித் தோல் துவாரங்கள் இரண்டு இடத்தில் இருக்கும். அந்த ஒட்டின் அளவைப் பார்த்தாவது புள்ளியின் அளவைச் சொல்லிவிடலாமே என்று ஒரு நப்பாசை. வருஷப்படி அடுக்கினேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தில் ஒட்டு கடுகளவு. அடுத்த கிறிஸ்துமஸில் உளுந்தளவு. இந்த வருஷப் பொங்கலில் துவரம்பருப்பு அளவு. அழிக்கிற பிரஷ்ஷின் அளவை ஒவ்வொரு தடவையும் நான்தான் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். அது வளர்ந்துகொண்டு போவது என் கைக்குத் தெரிந்திருக்கிறது. கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டேன். வெளியே பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, படம் எதையும் எடுக்க முடியவில்லை என்று பொய் சொன்னேன். அப்படியா என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அறிக்கையைப் பிரித்து வைத்துக்கொண்டு டாக்டர் நிதானமாகப் பேசினார். புற்றுநோய்தான். தோலில் வருகிற வகைகளில் ரொம்ப மெதுவாக வளர்வது, வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம், உயிருக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் விட்டுவிட்டால் இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு போகும், அதனால் வெட்டி எடுத்தாக வேண்டும். முதல் வார்த்தைக்குப் பிறகு எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பழைய படம் கொண்டுவந்தீர்களா என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். ஹார்ட் டிஸ்க் கதையை அவரிடமும் சொன்னேன்.

அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்து, ஒரு ஃபோல்டரைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பதினெட்டோ பத்தொன்பதோ படங்கள். எல்லாம் பள்ளிக்கூடத்து ஜன்னல் பக்கம், அவளே எடுத்தவை. சிலது ஆடியிருந்தன, சிலதில் பாதி முகம் இருட்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் மூக்கை ஒட்டிப் பிள்ளைகள் வைத்திருக்கிற பிளாஸ்டிக் ஸ்கேல். மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரிந்தது. முதல் படத்தில் இரண்டு கோடு. கடைசியில் எட்டு. டாக்டருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இதை யார் எடுத்தது, இவ்வளவு சரியாக எடுத்திருக்கிறார்களே என்றார். நான்தான் டாக்டர் என்றாள் அவள். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால் சின்னத் தையலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது மூக்கு மடலில் கொஞ்சம் போகும், காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும்.

வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனேன். சாவி துவாரத்தில் நுழையவே மாட்டேன் என்றது. அவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது சண்டை போடுகிற குரலில்தான், வேறு குரல் எனக்கு வரவில்லை.

"மொத மொத உங்ககிட்டதாங்க காட்டுனேன். ஸ்டூடியோவுல ஏதோ கல்யாண போட்டோ பாத்துக்கிட்டு இருந்தீங்க. இது பெருசாவுற மாதிரி இருக்குன்னேன். போட்டோவுல தெரியாம நான் பாத்துக்குறேன்னு சொன்னீங்க. தலையக்கூட தூக்கல."

எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அது என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான், சந்தேகமே இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்புறமாவது சொல்லியிருக்கலாமே, நீயாவது டாக்டரிடம் போயிருக்கலாமே என்று இழுத்தேன்.

"மூஞ்சி பாக்குறதே உங்க தொழிலு. உங்க கண்ணுக்கே ஒண்ணும் படலன்னா ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சேன். பயம் மட்டும் போவல. அதான் எடுத்து எடுத்து வச்சேன். ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்குன்னும் எனக்குத் தெரியும்."

அழுதுவிடுவேன் என்று தோன்றியது. நடு ரோட்டில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. அவள்தான் சாவியை வாங்கித் துவாரத்தில் நுழைத்துக் கொடுத்தாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. நோய் இருந்த இடத்தை முழுதாக எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். இடது மூக்கு மடல் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒட்டிய தோல் வேறு நிறம். ஒன்றரை மாசம் லீவு எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் மூக்குக்கு என்ன ஆச்சு என்று பிள்ளைகள் முதல் நாளே கேட்டுவிட்டார்களாம். பெரியவர்கள் யாரும் கேட்கவில்லையாம், ஆனால் மூக்கைப் பார்த்துத்தான் பேசுகிறார்களாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆனது.

திரும்ப வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும், மூன்று மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்தை, அதே தூரத்திலிருந்து படம் எடுத்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கே போய் நூறை விலைக்கு வாங்கினேன். மோதிரத்துக்காக வாங்கவில்லை. இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று. தூரம் மாறாமல் இருக்கத் தரையில் டேப் ஒட்டினேன், ஸ்டாண்டின் உயரத்தைக் குறித்துவைத்தேன், மூல ஃபைலைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். முதல் மூன்று மாசம் முடிந்த சனிக்கிழமை காலை, நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, எல்லாம் தயார் என்று கூப்பிட்டேன்.

ஒரு கையில் போனும் இன்னொரு கையில் ஸ்கேலுமாக வந்தாள். லென்ஸைப் பார்த்தாள், தரையில் இருந்த டேப்பைப் பார்த்தாள்.

"அது வேணாங்க. இத நானே எடுத்துக்குறேன்."

இதில் ஒரு பொட்டுகூட அழிக்க மாட்டேன், எப்படி இருக்கிறதோ அப்படியே வரும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"நீங்க அழிக்க மாட்டீங்க. எனக்குத்தான் நீங்க எடுத்ததப் பாத்தா நம்பிக்கை வராது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஸ்டாண்டை ஓரமாக நகர்த்திவைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தாள். ஸ்கேலையும் போனையும் சேர்த்துப் பிடிக்கக் கை போதவில்லை. ஸ்கேலை என் பக்கம் நீட்டினாள்.

அவள் மூக்கை ஒட்டி, கோடுகள் வெளியே தெரியும்படி அதைப் பிடித்தேன். ஆட்டாம புடிங்க என்றாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.